திருஷ்டிப் பொட்டு

என் கணவரின் ரத்தத்துக்கு ஜீரோ வந்த அன்று அவர் ஒரு டப்பா மைசூர்பாவோடு வீட்டுக்கு வந்தார். எனக்குப் பயம் வந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்தாங்கொள்ளி. பேருந்து வேகமாகப் போனாலும் பயம், மெதுவாகப் போனால் ஏதோ கோளாறு என்று பயம். போன் அடித்து நின்றுவிட்டால் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று உட்கார்ந்துவிடுவேன். பெயர் மௌனிகா. பெயருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை, பயம் வந்தால் வாய் ஓயாது. ஆனால் அன்றைக்கு வந்தது அந்த வகைப் பயம் இல்லை. வேலை தெரிந்த ஒருத்திக்கு வருகிற பயம். அது வந்தால் வாய் புலம்பலை விட்டுக் கேள்வி கேட்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

என் கணவர் சபரீசன் பெருந்துறையில் ஒரு நீரிலி ஆலையில் சாய மாஸ்டர். தண்ணீரே இல்லாமல், சாயத்தைப் புகையாக்கித் துணிக்குள் ஏற்றும் முறைக்கு நீரிலி என்று பெயர். அது வந்த பிறகுதான் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு நுரை நின்றது. மீன் திரும்பி வந்தது. ஆற்றங்கரையில் ஆட்கள் காலையில் நடக்கப் போகிறார்கள். நீரிலியைப் பற்றி யாராவது ஒரு சொல் குறையாகச் சொன்னால் எங்கள் பக்கத்தில் அடிக்க வருவார்கள், வருவதில் நியாயமும் உண்டு.

அந்தப் புகையருகே வேலை செய்பவர்களுக்கு மாதம் ஒரு முறை விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுப்பார்கள். அந்தத் துளிகள் வந்து சேரும் இடம், சரவணம்பட்டியில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடம். அங்கே செல்களைப் பார்ப்பது மனிதர்கள் இல்லை. ஓர் இயந்திரம் படம் எடுக்கும், எண்ணும், முடிவு சொல்லும். நாங்கள் அதைக் கணக்குப்பிள்ளை என்போம். கணக்குப்பிள்ளைக்கு ஸ்லைடு ஊட்டுவதும், அது சொன்னதை ஆலைகளுக்கு அனுப்பிவைப்பதும்தான் என் வேலை.

"எடுத்துக்க அம்மிணி," என்று டப்பாவை நீட்டினார் சபரீசன். "உன்ற புருஷன் ரத்தம் தங்கமாம். ஜீரோ! மேனேஜரே கூப்பிட்டுக் கை குடுத்தாரு. ஆலையிலயே எனக்கும் அந்த பிரணவுக்கும்தான் ஜீரோ."

"அதனால என்னங்க?"

"என்னவா? திங்கக்கெழமையிலிருந்து உள்ரூமுக்கு நாங்க ரெண்டு பேருதான் இன்சார்ஜ்."

உள்ரூம் என்பது சாயம் புகையாகிற இடம். முகமூடி போட்டுக்கொண்டு போனாலும் வெளியே வரும்போது நாக்கில் உலோகம் மாதிரி ஒரு ருசி இருக்கும் என்பார்கள். ரத்தத்தில் கெட்ட செல்லின் எண்ணிக்கை எவனுக்குக் குறைவாக இருக்கிறதோ அவனைத்தான் அங்கே போடுவார்கள். ரத்தம் தாங்குகிறவன் தாங்கட்டும் என்பது ஆலைக்காரர்களின் நியாயம்.

"மாமா, வருஷ ஆரம்பத்துல உங்களுக்கு எத்தனை இருந்துச்சு?"

"எம்பதோ என்னமோ."

"அப்பறம் அம்பது. அப்பறம் இருவது. இப்ப ஜீரோ. அது எப்புடிங்க கொறையும்?"

"ஒடம்பு பழகிருச்சு புள்ள."

"பழகறதுக்கு அது என்ன பச்ச மொளகாயா?"

அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். "செரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. அந்த மெஷினு என்னத்தத்தான் எண்ணுது?"

"செல்லுக்குள்ள கரு இருக்குதுங்களா? ஒரு செல்லு ரெண்டாகறப்ப அந்தக் கருவும் சரிபாதியாப் பிரியோணும். ஏதாச்சும் விஷம் பட்டிருந்தா உள்ள இருக்கற இழை ஒடைஞ்சு போயிரும். ஒடைஞ்ச துண்டு எந்தப் பக்கமும் சேராம தனியா நின்னுக்கும். பெரிய கருவுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு உருண்டை தெரியும். நாங்க அதைக் குட்டின்னு சொல்லுவோம். பத்தாயிரம் செல்லுல எத்தனை செல்லு குட்டி போட்டிருக்குதுன்னு எண்ணறதுதான் சோதனை."

"எனக்கு ஒண்ணுகூட குட்டி போடல. நல்லதுதானே?"

"மனுஷனாப் பொறந்த யாருக்கும் ஜீரோ வராது மாமா. வெயில்ல நின்னாப் போதும், வயசானாப் போதும், இருவது முப்பதாவது இருக்கும். மலையில காத்தை மட்டும் குடிச்சுட்டு இருக்கற சாமியாருக்கும் இருக்கும். பொறந்த கொழந்தைக்கே அஞ்சாறு இருக்கும். ஜீரோன்னா குட்டி இல்லைன்னு அர்த்தமில்லீங்க. பாத்தவனுக்குக் கண்ணு தெரியலைன்னு அர்த்தம்."

"கெட்டது வந்தாலும் அழுவே, நல்லது வந்தாலும் அழுவியா? உன்னையக் கட்டிக்கிட்டு நான் படற பாடு இருக்குதே!" என்று ஒரு துண்டு மைசூர்பாவை என் வாயில் திணித்தார்.

மறுநாள் சனிக்கிழமை. வேலைக்குப் போனதும் பெருந்துறை ஆலைக்காரர்களின் எண்ணிக்கையை ஒன்றாக எடுத்துப் பார்த்தேன். யாரும் அப்படிப் பார்க்கச் சொன்னதில்லை, அதனால் யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொருவரின் முடிவும் தனித்தனியாக வரும், பச்சை என்றால் வேலை, சிவப்பு என்றால் ஓய்வு, அவ்வளவுதான். ஒன்றாகப் பார்த்தபோது எண்கள் தலைகீழாக இருந்தன.

போன மாதம் சேர்ந்த பையன்களுக்கு முப்பது, நாற்பது. சில வருடம் ஆனவர்களுக்குப் பத்து, பன்னிரண்டு. உள்ரூமில் நின்று நின்று காது மந்தமாகிப்போன பெரியவர்களுக்கு இரண்டு, மூன்று. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனுக்குத்தான் இருப்பதிலேயே அதிகம். புகையில் நிற்பவன் ரத்தம் பச்சைக் குழந்தையின் ரத்தம் மாதிரி இருக்கிறது, வாசலில் காற்று வாங்குகிறவன் ரத்தம் கெட்டுப்போயிருக்கிறது. இதை எவனாவது நம்புவானா? நாங்கள் எல்லோரும் நம்பினோம். மாதா மாதம் நான்தான் அனுப்பிவைத்தேன்.

எங்கள் கூடத்தின் தலைவர் டாக்டர் உமாமகேஸ்வரி. கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

"மேடம், பெருந்துறை ஸ்லைடு ஒண்ணே ஒண்ண மட்டும் கண்ணால பாத்துக்கட்டுங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எங்கள் கூடத்தில் 'கண்ணால்' என்பது கெட்ட வார்த்தை. மனிதக் கண் களைத்துப்போகும், ஒரே ஸ்லைடுக்கு இரண்டு பேர் இரண்டு எண் சொல்வார்கள், காசு கொடுத்தால் மூன்றாவது எண்ணும் வரும். அதனால் இயந்திரம் பார்த்ததை மனிதர் பார்க்கக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். பார்த்தால் அந்த முடிவு செல்லாது, கூடத்தின் அனுமதிக்கும் ஆபத்து. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க வரும்போது வெங்காயத் தோலைக் காட்டுவதற்கு ஒரே ஒரு பழைய மைக்ராஸ்கோப் ஸ்டோர் ரூமில் இருந்தது.

"உன் வீட்டுக்காரர் ஸ்லைடுதானே? நேத்தே கவனிச்சேன். ஜீரோ வந்திருக்கு, சந்தோஷப்படாம இப்படி வந்து நிக்கறே."

"ஸ்க்ரீன்ல படத்தைப் பாத்தனுங்க மேடம். ரொம்ப சுத்தமா இருக்குது. ரத்தம் மாதிரியே இல்லீங்க, கழுவி வெச்ச பாத்திரம் மாதிரி இருக்குது."

"கழுவித்தாம்மா காட்டும். தூசி, கறை, பொட்டு எல்லாத்தையும் முதல்ல அழிச்சிடும். அதுக்கப்புறம்தான் எண்ணும், நமக்கும் காட்டும்."

"பொட்டுங்களா?"

"நாம ஸ்லைடுல அடையாளத்துக்கு வைக்கிற புள்ளி. மெஷினுக்குச் சொல்லிக்குடுக்கப் படம் குறிச்சுக் குடுத்த பொண்ணுங்க அதுக்குத் திருஷ்டிப் பொட்டுன்னு பேர் வெச்சிருந்தாங்களாம். நாமளே வேணும்னு வைக்கிறது, அதனால எண்ணக்கூடாது, அழிச்சிடறோம்னு மெஷின் பண்ணினவங்க எழுதியிருந்தாங்க."

"மேடம்," என்றேன். "நாம ஸ்லைடுல எந்தப் புள்ளியும் வெக்கறதில்லையேங்க."

உமாமகேஸ்வரி மேடம் கழற்றிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றினார். அவர் கத்தியிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"இந்த மெஷினை வெச்சுத்தான் அந்தச் சாயத்துக்கே அனுமதி குடுத்தது. சாயம் மட்டுமா? சக்கரை மாத்திரை, கொசு மருந்து, குழந்தைங்களுக்குப் போடற பவுடர். எதுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்னு எனக்கே ஞாபகமில்ல. நீ போ மௌனிகா. இன்னைக்கு நீ எங்கிட்ட எதுவும் கேக்கல, நான் எதுவும் சொல்லல."

அந்தக் கட்டடத்தில் பயந்தாங்கொள்ளி நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கோபிக்குப் பேருந்து ஏறினேன். கணக்குப்பிள்ளைக்கு ஆரம்பத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தது அங்கேதான். லட்சக்கணக்கான செல் படங்களைப் பார்த்து, இது குட்டி, இது அழுக்கு என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுத்தார்கள், அதைப் பார்த்துத்தான் இயந்திரம் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டதும் அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். அங்கே மேற்பார்வை பார்த்த தாட்சாயணி அக்கா இப்போது பியூட்டி பார்லர் வைத்திருக்கிறார்.

நான் போனபோது ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தார், நூலைப் பல்லில் கடித்தபடி தலையாட்டி உட்காரச் சொன்னார். அந்தப் பெண் போனதும் கேட்டேன். அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அதையேன் கேக்கற கண்ணு! நாள் பூரா படம், படம், படம். குட்டின்னாச் செவப்பு வட்டம் போடோணும், அழுக்குன்னாக் கறுப்பு வட்டம். ரெண்டுலயும் சேராம ஒண்ணு வந்துச்சு. பெரிய கருவோட கன்னத்துலயே ஒட்டிக்கிட்டு, சின்னதா, கருகருன்னு. எங்க கூட்டத்துல பாதிப் பேரு கைப்பிள்ளைக்காரிக. பாத்த ஒடனே எல்லாத்துக்கும் ஒண்ணுதான் தோணுச்சு. கொழந்தைக்கு மை வெப்பமே கன்னத்துல, கண்ணு படாம இருக்கறதுக்கு? அச்சா அதே. திருஷ்டிப் பொட்டுன்னு பேரு வெச்சுப்போட்டோம்."

"அதைக் குட்டின்னு குறிக்கோணுமா, அழுக்குன்னு குறிக்கோணுமான்னு யாரையும் கேக்கலீங்களாக்கா?"

"கேக்காம? மெஷின் பண்றவரு ஒருத்தரு, வெளியூர்க்காரரு, வீடியோவுல வந்தாரு. இதென்னங்க புதுசா திருஷ்டிப் பொட்டுன்னு ஒரு பேரு, அர்த்தம் என்னன்னாரு. நான் வெவரமாச் சொன்னேன். அது தானா வர்றதில்லீங்க, நாமளா வெக்கறது, கெட்டது அண்டாம இருக்கறதுக்குன்னு. அவருக்கு ரொம்ப சந்தோசம். ஓ, வேணும்னே வெக்கறதா, அப்ப அதை எண்ணக்கூடாதுங்களேன்னாரு. ஆமாங்க, எண்ணக்கூடாதுன்னேன்." அக்கா சிரித்தார். "பிள்ளைக்கு வெச்ச பொட்டை எவளாச்சும் எண்ணுவாளா?"

அவர் செல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இவர் குழந்தையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இருவரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டு பேச்சை முடித்திருக்கிறார்கள்.

நான் சிரிக்கவில்லை என்பதை அக்கா கவனித்துவிட்டார். "ஏங்கண்ணு, தப்பாப் போச்சா?"

"அது பொட்டு இல்லீங்கக்கா. மொட்டு. ஒடைஞ்ச இழையைக் கரு வெளிய தள்ளப் பாக்கறப்ப அப்புடிக் கன்னத்துல மொட்டு விடும். குட்டியவிட அதுதான் மோசம். அதை அந்த மெஷினு அழிச்சு அழிச்சுப் பழகிருச்சு. மொதல்ல ஒட்டிக்கிட்டு இருக்கறத மட்டும் அழிச்சிருக்கும். அப்பறம் கொஞ்சம் தள்ளி இருக்கறதையும் பொட்டுன்னு நெனச்சிருக்கும். தானாக் கத்துக்கற மெஷினுங்க அது. எவன் ரத்தத்துல மொட்டு நெறைய இருக்குதோ அவனுக்கு எல்லாத்தையும் தொடச்சுப்போடும், குட்டியையும் சேத்து. அதனாலதான் ஜீரோ."

"அப்ப ஜீரோ வந்தவங்களுக்கு?"

"அவங்களுக்குத்தான் அதிகம்."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது. "எங்க நாத்தனா பிள்ளைக போடற யூனிஃபார்ம் பூரா நீரிலித் துணி கண்ணு. இந்த ஊர்ல எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அதுதான். அந்தத் துணியப் போட்டாலும் ஒடம்புல ஏறுமா?"

"தெரியலீங்கக்கா."

"நீ படிச்ச புள்ளையாச்சே. தெரியாதா?"

"அதையும் இந்த மெஷின் பாத்துத்தான் ஏறாதுன்னு சொல்லியிருக்குது," என்றேன். அக்கா கையை எடுத்துவிட்டார்.

திரும்பி வரும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பேருந்தில் எத்தனை நிறம்! மயில் கழுத்துச் சட்டை, மாம்பழ மஞ்சள் தாவணி, ஒரு கைக்குழந்தையின் தலையில் ரோஸ் நிறத் தொப்பி. வெளுக்காத, சாயம் போகாத, ஆற்றைக் கெடுக்காத நிறங்கள். எல்லாரையும் பார்த்துக் கத்தவேண்டும் போல இருந்தது. நான் கத்தவில்லை. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் நிறுத்தி நிறுத்தி, அழுது அழுது சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒரு பொட்டுக்கு இத்தனை பேச்சா என்றார். அந்த வெளியூர்க்காரர் அவ்வளவு மடையனாகவா இருப்பார் என்றார். கடைசியில் நான், "நாளைக்கு ஒரு தடவ எங்கூட வாங்க. நானே பாக்கறேன். ஒண்ணுமில்லைன்னா திங்கக்கெழமை நானே டிபன் கட்டி உள்ரூமுக்கு அனுப்பறேன்," என்றேன். அதற்குத்தான் ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். கணக்குப்பிள்ளைக்கு விடுமுறை கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஸ்லைடு ஊட்டிவிட்டுப் போவது என் முறை. அதனால் வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இயந்திரம் இருக்கும் அறையைத் தாண்டும்போது அது தன் பாட்டுக்கு ஸ்லைடுகளை இழுத்துக்கொண்டு முனகுவது கேட்டது. எத்தனையோ வருடமாகக் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு அதைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அதற்குக் காது இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஸ்டோர் ரூமில் மைக்ராஸ்கோப்பின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தேன். சபரீசன் விரலை நீட்டினார். குத்தியபோது, "ஆ, கொலைகாரி," என்றார் வேண்டுமென்றே. நான் சிரிக்கவில்லை. முன்னெல்லாம் ரத்தத்தை மூன்று நாள் வளர்த்தால்தான் செல் பிரிவதைப் பார்க்க முடியும். இப்போது அதற்கொரு கரைசல் இருக்கிறது, ஒரு சாப்பாட்டு நேரம் போதும். இருவரும் அட்டைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து காத்திருந்தோம். வீட்டில் எடுத்து வைத்திருந்த மட்டன் வீணாகப் போகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

சாயம் ஏற்றி, ஸ்லைடை வைத்து, கண்ணைப் பதித்தேன்.

எங்கள் கூடத்தில் மனிதக் கண்ணால் ரத்தம் பார்த்து எத்தனை காலம் ஆயிற்றோ. முதலில் ஒன்றும் புரியவில்லை, மங்கலாக இருந்தது. திருகைத் திருப்பினேன். தெளிந்தது.

எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. அப்படியொரு ஸ்லைடை நான் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. கரு ஒவ்வொன்றின் கன்னத்திலும் பொட்டு. ஒன்றுக்கு இரண்டு, மூன்று. சுற்றிலும் குட்டிகள் சிதறிக் கிடந்தன. ஒழுங்கான ஒரு செல்லைத் தேடி ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போனேன். இவ்வளவும் அந்தத் திரையில் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. என் கணவருக்குள் இது ஓடிக்கொண்டிருந்தது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மட்டன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது வந்த பயத்தை எந்தப் பயத்தோடும் சேர்க்க முடியாது.

"என்ன புள்ள? சொல்லு."

"நீங்களே பாருங்க."

எது கரு, எது குட்டி, எது மொட்டு என்று சொல்லிக்கொடுத்தேன். அவருக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம். ஒரே நீலத்தில் பத்து நீலம் பார்க்கிறவர். பார்த்தார். பிறகு கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இது என்னோடதுதானே? மாறிப் போயிருக்காதுல்ல?"

"உங்களுதுதானுங்க மாமா."

"இதை என்ன பண்றது? மருந்து இருக்குதா?"

"தெரியல. மொதல்ல அந்தப் புகையை விட்டு வெளிய வரோணும். புதுசு புதுசா ரத்தம் ஊறும், விட்டுட்டா கொறையலாம். கொறையும்னு நெனக்கறேன்."

"நெனக்கறே."

"ஆமாங்க."

அவர் நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் இருவரில் பயப்படுவது என் வேலை, கேலி செய்வது அவர் வேலை என்று கல்யாணமான நாளிலிருந்து பிரித்து வைத்திருந்தோம். இப்போது அவர் உதடு உலர்ந்திருந்தது.

"நாளைக்கு நான் உள்ள போகல," என்றார். "பிரணவையும் போக விடமாட்டேன். கேட்டுலயே நின்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லப்போறேன்."

"உங்களையத் தொரத்தி உட்ருவாங்க. என்னையும். சட்டப்படி நான் இதைப் பாத்ததே குத்தம். அப்பறம், ஆறு..." எனக்கே நான் என்ன சொல்கிறேன் என்று தெரியவில்லை. "ஆத்துல மீனு வந்திருக்குது, அதைக் கெடுக்க வந்தவன்னு சொல்லுவாங்க மாமா. யாரும் நம்பமாட்டாங்க. நீங்களே என்னைய நம்பல."

"நம்பாதவனுக்கு நீ இதைக் காட்டு. ஒவ்வொருத்தனாக் கூட்டியாறேன்."

நான் சரி என்றேன். பயந்துகொண்டேதான் சொன்னேன், ஆனால் சொன்னேன். அந்த நிமிடம் அவரை இழக்கமாட்டேன் என்று தோன்றியது. நாளைக்கு அவர் அந்த அறைக்குள் போகமாட்டார். எனக்கு அதுவே போதும். ஸ்லைடை எடுத்துப் பத்திரமாகப் பையில் வைக்கப் போனேன்.

"இரு," என்றார். "உன்னோடதையும் பாத்துரலாம்."

"எனக்கெதுக்குங்க? நான் என்ன ஆலைக்கா போறேன்?"

"என்ற துணியத் தொவைக்கறது யாரு? நான் கொண்டாந்து குடுக்கற சாம்பிள் துணியத்தானே கட்டறே. விரலைக் குடு."

நான் மாட்டேன் என்றேன். அவர் விடவில்லை. அவரே குத்தினார், என்னைவிட மெதுவாக. மறுபடியும் கரைசல், மறுபடியும் அட்டைப் பெட்டி, மறுபடியும் காத்திருப்பு. அடுத்த அறையில் கணக்குப்பிள்ளையின் முனகல் மட்டும் கேட்டது.

ஸ்லைடை வைத்ததும் நான் உட்காருவதற்கு முன் அவர் உட்கார்ந்துவிட்டார். "நீ பயத்துல இல்லாததெல்லாம் பாப்பே. நான் பாக்கறேன். கத்துக்கிட்டேன்ல," என்றார்.

திருகைத் திருப்பினார். பார்த்தார். ஸ்லைடை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினார், வலப்பக்கம் நகர்த்தினார். அவர் விரல்கள் துணிக்கு நிறம் பார்க்கும்போது எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தன, நிதானமாக. பின்கழுத்தில் மட்டும் வியர்வை அரும்பிச் சட்டைக் காலருக்குள் இறங்கியது. நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு அந்த வியர்வையையே பார்த்தேன்.

"என்னங்க தெரியுது?"

அவர் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஒண்ணுமில்ல அம்மிணி. சுத்தமா இருக்குது. நான்தான் வீணா உன்னையப் பயமுறுத்திப்போட்டேன்."

"குட்டி எத்தனை இருக்குது?"

"எத்தனையா? ஒண்ணுகூட இல்ல. பூராப் பாத்துட்டேன், தேடினாக் கூடக் கெடைக்கல. ஜீரோ!"

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். சிரிப்புக்கு மேலே கண் இரண்டும் கலங்கியிருந்தன.

"நகருங்க மாமா," என்றேன். "நான் பாக்கறேன்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.